வலிக்கு ஓர் அனுமதிச் சீட்டு

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பது நம் ஊர்ப் பழமொழி. அதைச் சொல்லாத தமிழ்க் குடும்பம் இராது. ஆனால் அப்பழமொழியில் ஒரு குறை உண்டு என்று எனக்குத் தோன்றுகிறது. வலி நமக்கு வந்தால் மட்டுமே தெரியும் என்பதில்லை. நாம் அன்பு வைத்த ஒருவருக்கு வந்தாலும் தெரிகிறது. நமக்கு வந்த வலியைப் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுக்கலாம். அடுத்த அறையிலிருந்து இரவெல்லாம் வரும் முனகலை எந்தப் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுப்பது?

வள்ளுவர் மருந்துக்கு ஓர் அதிகாரம் வகுத்திருக்கிறார். அதிலுள்ள குறள்களில் பெரும்பாலானவை உணவின் அளவைப் பற்றியே பேசுகின்றன. கடைசிக் குறளில்தான் மருத்துவத்தின் உறுப்புகளை எண்ணிச் சொல்கிறார். நோயுற்றவர், நோயைத் தீர்ப்பவர், மருந்து, உடனிருந்து பணி செய்பவர் என அவை நான்கு. சென்ற நூற்றாண்டில் இந்நான்கோடு ஐந்தாவது ஒன்றும் சேர்ந்துவிட்டது. அதுதான் அரசாங்கத்தின் அனுமதி. எல்லா மருந்துகளுக்கும் அன்று. மயக்கமும் பழக்கமும் தரக்கூடிய சில மருந்துகளுக்கு மட்டும். அந்த ஐந்தாவது உறுப்பு இருக்கும்வரை அதை யாரும் நினைப்பதில்லை. அது மருத்துவரின் கையை விட்டுப் போகும் நாளில், மற்ற நான்கும் இருந்தும் இல்லாதவை ஆகிவிடுகின்றன.

அதைப் பற்றித்தான் இங்கே எழுத நினைக்கிறேன். நான் மருத்துவம் படிப்பவன் அல்லன். வேதியியல் முதுகலை மாணவன். எனினும் இந்தச் செய்தி பாடத்தின் வழியாக ஒருமுறையும், வீட்டின் வழியாக ஒருமுறையும் என்னை வந்தடைந்தது.

பாடத்தின் வழியாக வந்ததை முதலில் சொல்கிறேன். கசகசா நம் அடுக்களைக்குப் புதிதன்று. குருமாவுக்கு அரைக்கும் அந்தச் சிறு மணிகள் எந்தச் செடியில் விளைகின்றனவோ, அதே செடியின் பச்சைக் காயைக் கீறினால் வடியும் பால்தான் அபினி. காய்ந்த அபினியில் நூற்றில் பத்துப் பங்கு அளவுக்கு மார்ஃபின் இருக்கிறது. ஜெர்மனியில் செர்ட்யூர்னர் என்னும் இளம் மருந்தாளர் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதைத் தனியே பிரித்தெடுத்தார். அப்போது அவருக்கு ஏறக்குறைய நம் வயதுதான். கிரேக்கர்களின் கனவுத் தெய்வமாகிய மார்ஃபியஸின் பெயரை அதற்கு இட்டார். அதன் மூலக்கூறு எப்படி அமைந்திருக்கிறது என்பதை 1925இல் ராபின்சன் வகுத்துரைத்தார். 1952இல் கேட்ஸ் என்ற அமெரிக்கர் ஆய்வுக்கூடத்திலேயே அதைப் படிப்படியாகக் கட்டி முடித்தார். ஐந்து வளையங்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டிருக்கும் அந்த வடிவத்தை எங்கள் ஆசிரியர் கரும்பலகையில் வரைந்தபோது, கோலம் போடுவதைப் பார்ப்பது போன்ற மகிழ்ச்சி எனக்கு உண்டாயிற்று. வலி என்ற சொல் அன்று வகுப்பில் ஒரே ஒருமுறைதான் வந்தது என்று நினைக்கிறேன்.

நாம் படிக்கும் இந்தக் காசி நகரத்திலிருந்து ஏறக்குறைய 75 கிலோமீட்டர் தொலைவில் கங்கைக் கரையில் காஜிபூர் இருக்கிறது. அங்கே 1820இல் கிழக்கிந்தியக் கம்பெனியார் காலத்தில் தொடங்கிய அபினித் தொழிற்சாலை இன்றும் அரசாங்கத்தின் கீழ் இயங்கி வருகிறது. மத்தியப் பிரதேசத்து நீமச்சில் அதற்கு ஒரு தம்பி உண்டு. மத்தியப் பிரதேசம், இராஜஸ்தான், உத்தரப் பிரதேசம் ஆகிய மூன்று மாநிலங்களில் உரிமம் பெற்ற உழவர்கள் மட்டுமே அபினிச் செடியைப் பயிரிடலாம். எடுத்த பாலை ஒரு துளியும் மிச்சமின்றி அரசாங்கத்திடம் ஒப்படைக்க வேண்டும். அந்த அபினி கடல் கடந்தும் போகிறது. மருந்துக்கு வேண்டிய இத்தகைய மூலப்பொருளில் நூற்றுக்கு 80 பங்கை இந்தியாவிலிருந்தும் துருக்கியிலிருந்துமே வாங்க வேண்டும் என்று அமெரிக்கா 1981இல் விதி செய்துகொண்டது.

இப்படி உலகத்தின் வலிக்கு மருந்து அனுப்பிய நாட்டில், சொந்த மக்களின் வலிக்கு என்ன நேர்ந்தது?

1985ஆம் ஆண்டு நவம்பர் 14ஆம் நாள் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. கடத்தல்காரர்களை ஒடுக்குவதே அதன் நோக்கம். நோக்கத்தில் குறை காண்பார் இல்லை. குற்றத்திற்குக் குறைந்த அளவே பத்தாண்டுக் கடுங்காவல், ஒரு லட்ச ரூபாய் அபராதம் என்று அது விதித்தது. மருத்துவத்திற்காக மார்ஃபினைப் பயன்படுத்துவதை அச்சட்டம் தடுக்கவில்லை. ஆனால் அதற்கான அனுமதி முறையை ஒவ்வொரு மாநிலத்தின் கையிலும் விட்டுவிட்டது. மருந்தை வைத்திருக்க ஓர் உரிமம், பிற மாநிலத்திலிருந்து தருவிக்க ஓர் உரிமம், அந்த மாநிலத்திலிருந்து வெளியே விட ஓர் உரிமம், வழியில் கொண்டுவர ஓர் உரிமம் என்று பல சீட்டுகள் வேண்டியிருந்தன. அத்தனையும் ஒரே சமயத்தில் செல்லுபடியாக இருக்க வேண்டும். நான்காவது சீட்டு கைக்கு வரும்போது முதல் சீட்டின் கெடு முடிந்திருக்கும். கணக்கில் பத்து மாத்திரை பிசகினால் பத்தாண்டுச் சிறையோ என்ற அச்சம் வேறு. மருந்துக்கடைக்காரர் வைப்பதை நிறுத்தினார்; ஆஸ்பத்திரி வாங்குவதை நிறுத்தியது; மருத்துவர் எழுதுவதை நிறுத்தினார். பிறகு வந்த இளம் மருத்துவர்களுக்கு எழுதவே தெரியாமற்போயிற்று.

1985இல் இந்நாட்டில் மருத்துவத்திற்குச் செலவான மார்ஃபின் 573 கிலோ. 1997இல் அது 18 கிலோ. நண்பர்களே, இந்த இரண்டு எண்களையும் ஒருமுறைக்கு இருமுறை படியுங்கள். அந்தப் பன்னிரண்டு ஆண்டுகளில் இந்தியாவில் புற்றுநோய் குறைந்துவிடவில்லை. எந்த மருத்துவரின் பெயரையும் யாரும் பட்டியலிலிருந்து அடிக்கவில்லை. எனினும் ஒரு நாட்டின் மருத்துவர்கள் ஏறக்குறைய அனைவரும் ஒரு மருந்தை எழுதும் உரிமையைச் சத்தமின்றி இழந்துவிட்டார்கள்.

இதற்கு மாறான காட்சி கேரளத்தில் தோன்றியது. கோழிக்கோட்டில் 1993இல் டாக்டர் எம். ஆர். இராஜகோபால், டாக்டர் சுரேஷ்குமார் ஆகியோர் வலி தணிப்பு மருத்துவத்திற்கு ஒரு சங்கம் கண்டார்கள். வீட்டிலிருந்தபடியே நோயாளிகள் விழுங்கும்படி மார்ஃபின் மாத்திரைகளைக் கொடுத்தனுப்பினார்கள். ‘இந்த மாத்திரை கள்ளச்சந்தைக்குப் போகாதா?’ என்று கேட்டவர்களுக்கு அவர்கள் கணக்கால் விடை சொன்னார்கள். இரண்டு ஆண்டுகளில் 1,723 நோயாளிகளுக்கு மார்ஃபின் கொடுத்ததில், தவறாகப் பயன்பட்டதாகவோ வெளியே கடத்தப்பட்டதாகவோ ஒரு நிகழ்ச்சியும் இல்லை. இந்தக் கணக்கு 2001இல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் வெளிவந்தது.

இத்தகையோரின் முயற்சியால் 2014இல் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தியது. 2015 மே மாதத்தில் மார்ஃபின் உள்ளிட்ட ஆறு மருந்துகள் ‘இன்றியமையாத போதை மருந்துகள்’ என அறிவிக்கப்பட்டன. பல சீட்டுகளின் இடத்தில் ஒரே அங்கீகாரம் வந்தது. மாநில மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரியே அதைத் தருவார். மூன்றாண்டுகளுக்கு அது செல்லும். வலி தணிப்பில் பயிற்சி பெற்ற மருத்துவர் ஒருவராவது அந்த ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும். ஆண்டுதோறும் கணக்குக் காட்ட வேண்டும். பழைய முறையோடு ஒப்பிட்டால் இது பெரிய முன்னேற்றம்.

இனி, வீட்டின் வழியாக வந்ததைச் சொல்கிறேன்.

என் தந்தையார் ரயில்வே ஊழியர். மாற்றலாகி முகல்சராய்க்கு வந்து, அங்கேயே எங்களுக்குப் பதினைந்து ஆண்டுகள் ஆகிவிட்டன. அந்த நிலையத்தின் பெயர் 2018இல் மாறிவிட்டது. எங்கள் வீட்டில் இன்னும் பழைய பெயர்தான் வழங்குகிறது. தந்தையாரின் தமக்கை, என் அத்தை, திருநெல்வேலிச் சீமையிலிருந்து எங்களோடு வந்து தங்கியவர். கணவர் இல்லை, மக்களும் இல்லை. இந்தி ஒரு சொல்லும் அறியாமல் அக்கம்பக்கத்துப் பெண்களோடு ஒருமணி நேரம் பேசிச் சிரிக்கும் திறமை அவருக்கு உண்டு. மார்பில் தோன்றிய புற்றுநோய் முதுகெலும்புக்குப் பரவியபின், அந்தச் சிரிப்பு நின்றுவிட்டது. படுக்கவும் முடியாது, உட்காரவும் முடியாது. சுவரில் இரு கைகளையும் ஊன்றிக்கொண்டு இரவெல்லாம் நிற்பார்.

சிறிய ஆஸ்பத்திரி ஒன்றில் வலி தணிப்புக்கென்று ஒரு டாக்டர் இருந்தார். நாங்கள் அவரைப் பெரிய டாக்டர் என்போம். நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை பத்து மில்லிகிராம் மார்ஃபின், இரவில் படுக்கும்போது அதில் இருமடங்கு, மலச்சிக்கல் வராமலிருக்க ஒரு மருந்து என்று எழுதிக் கொடுத்தார். மூன்றாம் நாள் அத்தை உட்கார்ந்து பச்சைப் பட்டாணி உரித்தார். ஐந்தாம் நாள், நான் வைத்த ரசத்தில் புளி கூடிவிட்டதென்று குறை சொன்னார். நோய் போகவில்லை. வலி போயிற்று. அதனால் அத்தை திரும்பி வந்தார்.

ஐந்து மாதங்கள் இப்படிச் சென்றன. பிறகு பெரிய டாக்டர் வேறோர் ஊரில் வேலை கிடைத்துப் போய்விட்டார். அதே சமயத்தில் ஆஸ்பத்திரியின் மூன்றாண்டு அங்கீகாரமும் முடிவடைந்தது. புதுப்பிக்கும் விண்ணப்பத்தில் பயிற்சி பெற்ற மருத்துவரின் பெயரை எழுத வேண்டிய இடம் வெறுமையாக நின்றது. அவருக்குப்பின் இருந்த சின்ன டாக்டர் நல்லவர், திறமையானவர். பெரிய டாக்டரின் அருகிலேயே இருந்து எல்லாம் கற்றவர். ஆனால் அதற்குரிய சான்றிதழ் அவரிடம் இல்லை. பூட்டிய அலமாரியில் மாத்திரைகள் இருந்தன. சாவியும் அவர் கையில்தான் இருந்தது. அத்தைக்கு என்ன அளவு வேண்டும் என்பதும் அவருக்குத் தெரியும். தந்தையாரின் கையைப் பிடித்துக்கொண்டு, ‘எல்லாம் இருக்கிறது, கொடுக்கும் அதிகாரம் மட்டும் இல்லை’ என்று இந்தியில் சொன்னார். அவர் கண் கலங்கியிருந்ததாகத் தந்தையார் வீட்டுக்கு வந்து கூறினார். வெளிக் கடைகளில் கேட்டோம். அந்தப் பெயரைக் கேட்டதுமே கடைக்காரர்கள் எங்களை மேலும் கீழும் பார்த்தார்கள்.

கையிருப்புத் தீர்ந்தபின் பதினொரு நாட்கள் அத்தைக்கு மார்ஃபின் இல்லை. அந்த மருந்தைத் தொடர்ந்து உண்ட உடம்பு அதைத் திடீரென்று இழந்தால், பழைய வலி மட்டும் திரும்புவதில்லை. வியர்வை, வயிற்றுப்போக்கு, உடல் நடுக்கம், உறக்கமின்மை ஆகியவை அதனோடு சேர்ந்து வருகின்றன. இது போதைக்கு அடிமையாதல் அன்று, உடம்பின் இயல்பு. படிப்படியாகக் குறைத்திருந்தால் அந்தத் துன்பம் நேர்ந்திராது. சின்ன டாக்டர் வேறு மாத்திரைகளைக் கொடுத்துப் பார்த்தார். அவை போதவில்லை. அத்தை மீண்டும் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஓர் இரவு என்னைப் பார்த்து, “ஏல, நீ ரசாயனம்தானே படிக்க? அந்த மாத்திரைய நீயே செஞ்சு தரப்படாதா?” என்றார்.

அந்த மூலக்கூறை எனக்கு வரையத் தெரியும். அதன் எடையைச் சொல்லத் தெரியும். அதைக் கட்டிய வரலாறும் தெரியும். அதன் மூலப்பொருள் மலை மலையாகக் குவிந்திருக்கும் தொழிற்சாலைக்கு எங்கள் வீட்டிலிருந்து காலையில் புறப்பட்டால் மதியத்துக்குள் போய்விடலாம். அத்தைக்குச் சொல்வதற்குத்தான் என்னிடம் விடை இல்லை. கால்களைப் பிடித்துவிட்டேன்.

பன்னிரண்டாம் நாள் தந்தையார் ஓர் இரவு முழுதும் ரயிலில் சென்று, அங்கீகாரமுள்ள வேறோர் ஆஸ்பத்திரியில் அத்தையின் தாள்களையெல்லாம் காட்டி, ஒரு மாதத்துக்கு மருந்து வாங்கி வந்தார். அதன்பின் அத்தை நான்கு மாதங்கள் இருந்தார். ரயில்வே பாஸ் உள்ள தம்பி அவருக்கு இருந்தார். அப்படி ஒரு தம்பி இல்லாதவர்களும் அந்தச் சிறிய ஆஸ்பத்திரியின் வாசலில் நின்றார்கள் என்பதை நான் அறிவேன்.

இதில் யாரைக் குற்றம் சொல்வது? நல்ல வேலை கிடைத்தால் போகப் பெரிய டாக்டருக்கு உரிமை உண்டு. நிறைவுறாத விண்ணப்பத்தில் கையெழுத்திடாத அதிகாரி தம் கடமையைச் செய்தார். சட்டத்தை மீறாத சின்ன டாக்டரும் தம் கடமையைச் செய்தார். எல்லோரும் கடமையைச் செய்தார்கள். கிழவி ஒருத்தி சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். குற்றவாளி இல்லாமலே ஒரு கொடுமை நடக்க முடியும் என்பதை அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

‘அப்படியானால் கட்டுப்பாடே வேண்டாமா?’ என்று கேட்கலாம். வேண்டும். கட்டுப்பாடு தளர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவே சாட்சி. ஆக்சிகான்டின் என்ற மாத்திரை 1996இல் அங்கே விற்பனைக்கு வந்தது. அதைச் செய்த பர்டூ கம்பெனி, அதன் தீங்கைக் குறைத்துக் காட்டி விற்றதற்காக 2007இல் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டது. 2010ஐ ஒட்டிய ஆண்டுகளில் புளோரிடா மாநிலத்தில், வந்தவர்க்கெல்லாம் காசுக்கு மாத்திரை கொடுக்கும் மருத்துவ நிலையங்கள் பெருகின. ‘மாத்திரை ஆலைகள்’ என்றே அவற்றுக்குப் பெயர். அந்நாட்டில் இத்தகைய மருந்துகளை எழுத, மருத்துவப் பட்டமும் மாநில உரிமமும் போதா. போதைப்பொருள் தடுப்புத் துறையில் தனியே பதிவு செய்திருக்க வேண்டும். அந்தப் பதிவை அரசு நீக்கிவிட்டால், டாக்டர் டாக்டராகவே இருக்கலாம். இந்த மருந்துகளை மட்டும் எழுத முடியாது. காசுக்கு விற்ற மருத்துவர்களின் பதிவை நீக்கியது நேர்மையான செயலே.

ஆனால் அங்கேயும் கதை நம் ஆஸ்பத்திரி வாசலில் முடிந்ததைப் போலவே முடிந்தது. ஒரு மருத்துவரின் பதிவு நீங்கும் நாளில் அவரிடம் வந்துகொண்டிருந்த நோயாளிகள் தெருவில் நிற்கிறார்கள். அவர்களுள் உண்மையான வலிக்காரரும் உண்டு. பழக்கத்துக்கு அடிமையானவரும் உண்டு. இருவருக்கும் மருந்து ஒரே நாளில் நின்றுவிடுகிறது. அடுத்த டாக்டர் அச்சத்தால் அவர்களை ஏற்பதில்லை. சிலர் ஹெராயினுக்குப் போனார்கள். பின்னர் ஃபென்டனில் கலந்த நஞ்சு வந்தது. 2022இல் மட்டும் அந்நாட்டில் அளவு மீறிய போதைப்பொருளால் இறந்தவர்கள் ஒரு லட்சத்துக்கு மேற்பட்டவர்கள். இம்மருந்துகளைத் திடீரென்று நிறுத்துவது பெருந்தீங்கு விளைவிக்கும் என்று அந்நாட்டு மருந்துத் துறை 2019இல் எச்சரித்தது. தாம் முறைதவறி எழுதுகிறோம் என்று தெரிந்தே எழுதினார் என அரசாங்கம் மெய்ப்பித்தால்தான் மருத்துவரைக் குற்றவாளி ஆக்கலாம் என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2022இல் தீர்ப்பளித்தது. நேர்மையான மருத்துவருக்கு அது ஓர் ஆறுதல். வாசலில் நின்றவர்களுக்கு அதில் ஒன்றும் இல்லை.

ஆகவே நான் சொல்ல வந்தது இதுதான். அனுமதியைப் பறிக்கும் ஆணை மருத்துவரின் பெயருக்கு எழுதப்படுகிறது. ஆனால் அது போய்ச் சேருவது நோயாளியின் கட்டிலுக்கு. நியாயமாகப் பறித்தாலும், தாள் தவறியதால் பறித்தாலும், அந்தக் கட்டிலில் வேறுபாடு இல்லை. ரயில் எஞ்சின் டிரைவர் ஒருவரை வேலையிலிருந்து நீக்கும் அதிகாரம் ரயில்வேக்கு உண்டு. ஆனால் நடுவழியில் அவரை இறக்கிவிட்டு வண்டியையும் பயணிகளையும் காட்டில் விட்டுவிடுவதில்லை. அடுத்த டிரைவர் ஏறியபின்தான் இவர் இறங்குகிறார். ரயில்வேக் குடியிருப்பில் வளர்ந்தவனாதலால் எனக்கு இந்த உவமைதான் தோன்றுகிறது.

மருத்துவத்திலும் அதைச் செய்யலாம். ஓர் ஆஸ்பத்திரியின் அங்கீகாரம் முடிவதற்கு முன்பே, அங்கே மருந்து பெறுவோரை இன்ன இடத்திற்கு அனுப்புகிறோம் என்று எழுத்தில் ஏற்பாடு செய்யலாம். மோசடி வேறு, கெடு தவறுதல் வேறு என்று பிரிக்கலாம். கெடு மட்டும் தவறியிருந்தால், இருக்கும் நோயாளிகளுக்கு இருக்கும் கையிருப்பைக் கொடுக்கச் சில மாதங்கள் இடம் தரலாம். ஓர் ஆஸ்பத்திரியின் வலி தணிப்பு முழுவதும் ஒரே ஒரு டாக்டரின் சான்றிதழில் தொங்காமல், பலருக்குப் பயிற்சி அளிக்கலாம். 2019 முதல் எம்.பி.பி.எஸ். பாடத்திட்டத்தில் வலி தணிப்பு மருத்துவம் இடம்பெற்றிருப்பது நல்ல தொடக்கம். இவற்றுள் எதற்கும் பெரும்பணம் வேண்டாம். ஆணையை எழுதுவதற்கு முன், ‘இதனால் இன்றிரவு யார் உறங்கமாட்டார்?’ என்று ஒருமுறை கேட்டுக்கொண்டால் போதும்.

நம் சங்கத்தில் மருத்துவம் படிப்போர் இருக்கிறீர்கள்; சட்டம் படிப்போர் இருக்கிறீர்கள்; ஆட்சிப் பணித் தேர்வுக்கு அல்லும் பகலும் உழைப்போரும் இருக்கிறீர்கள். நாளை உங்களுள் ஒருவர் மாத்திரையை எழுதுவீர்கள். ஒருவர் விதியை எழுதுவீர்கள். ஒருவர் அந்த விதியின்கீழ் ஆணையில் கையெழுத்திடுவீர்கள். மூவரும் ஒருவரையொருவர் பார்க்கப்போவதில்லை. உங்கள் மூவரையும் சேர்த்துப் பார்க்கப்போகிறவர் நோயாளி ஒருவரே. அவருக்கு உங்கள் மொழி தெரியாமல் இருக்கலாம். உங்கள் விதியின் எண் நிச்சயமாகத் தெரியாது. வலி மட்டும் தெரியும். அவரை மனத்தில் வைத்துக்கொண்டு எழுதுங்கள்.